இடுப்பில் துப்பாக்கி வைத்திருந்த போலீஸ்காரன்

அத்தியாயம் 6

ஓக்லாந்து நகரத்தில், பென்ரோஸில் அந்தத் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மறுபடியும் நடந்து முடித்தபோது தியாகலிங்கத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. பசி இல்லை. எரிச்சல்.

ஒரு பக்கம் பெயின்ட் கிடங்கு, மறுபக்கம் லாரி டயர் கிடங்கு. கேட்டுக்குக் கேட்டு கேமரா தொங்கியது. தொங்கி என்ன பிரயோசனம்? ஒன்று கேட்டைப் பார்த்தது, இன்னொன்று வானத்தைப் பார்த்தது. தெருவைப் பார்க்க ஒன்றுகூட இல்லை. "ஞாயிற்றுக்கிழமை இங்கே பேய்கூட வராது" என்று சொல்லிவிட்டு டயர் கிடங்குக்காரன் கதவைச் சாத்திவிட்டான்.

"பேய் வரலேன்னா என்ன அண்ணே, போலீஸ் வந்திருக்கே," என்றாள் சுந்தரி, காரில் சாய்ந்து வாழைப்பழம் தின்றபடி. "அதுவும் கள்ளப் போலீஸ்."

சுந்தரி மதுரைக்காரி. தியாகலிங்கம் யாழ்ப்பாணம். அவரிடம் துப்பறியும் லைசென்ஸ் இருந்தது, கார் ஓட்டும் லைசென்ஸ் இல்லை. அவளிடம் காரும் இருந்தது, வாயும் இருந்தது. இரண்டுக்கும் பிரேக் சரியில்லை.

வழக்கு இதுதான். பாட்டனி டவுன்ஸில் குடியிருக்கும் பாஸ்கரன் சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் ஆள், பிஸ்டல் கிளப்பில் உறுப்பினர். இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. துப்பாக்கி லைசென்ஸ் போதாது, பிஸ்டலுக்கென்று தனி அனுமதி வேண்டும். கிளப்பில் சேர வேண்டும். வீட்டில் இரும்புப் பெட்டகம் வேண்டும். வெளியே எடுத்தால் பூட்டிய பெட்டிக்குள் வைத்து வீட்டிலிருந்து நேரே கிளப்புக்கு, கிளப்பிலிருந்து நேரே வீட்டுக்கு. நடுவில் ஊர் சுற்றக் கூடாது. இடுப்பில் செருகிக்கொண்டு வீராப்பாக நடக்க எவனுக்கும் அனுமதி கிடையாது.

போன ஞாயிறு கிளப்புக்குப் போகிற வழியில், இந்தத் தெருவில் ஒரு போலீஸ்காரன் பாஸ்கரனை மறித்தானாம். பெட்டியோடு பிஸ்டலை வாங்கிக்கொண்டு "ஸ்டேஷனில் வந்து எடுத்துக்கொள்" என்றானாம். ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டால், எங்கள் ஆள் எவரும் உன்னை மறிக்கவில்லை என்கிறார்கள். அசல் போலீஸ் இப்போது பாஸ்கரனிடம் கேட்பது ஒரே கேள்வி: பிஸ்டலை எந்தக் கும்பலுக்கு விற்றாய்? லைசென்ஸை நிறுத்தியாயிற்று. கள்ளப் போலீஸ் அகப்படாவிட்டால் பாஸ்கரன் கம்பிக்குள்தான். அதற்குள் அந்தப் பிஸ்டலால் எவனாவது எவனையாவது சுட்டால் அந்தப் பழியும் அவன் தலையில்.

தியாகலிங்கத்தை அமர்த்தியது பாஸ்கரனின் மனைவி சிந்து. ஆஸ்பத்திரி நர்ஸ். "அவர் பொய் சொல்லத் தெரியாத ஆளு சார்" என்று அழுதாள். தியாகலிங்கம் எவரையும் நம்புகிறவர் இல்லை. அழுகிறவர்களை இன்னும் கொஞ்சம் குறைத்தே நம்புவார். ஆனால் சிந்துவை நம்பிவிட்டார். அதுதான் இத்தனை எரிச்சலுக்கும் வேர்.

"ஏறும், போவம்," என்றார். "போகேக்க பாஸ்கரன் சொன்னதை இன்னொருக்கா சொல்லும். அவர் சொன்ன மாதிரியே."

சுந்தரி காரைக் கிளப்பினாள். "பின்னாடி சிவப்பும் நீலமுமா லைட் வந்துச்சு. இவர் ஓரங்கட்டினார். இறங்கிப் போய் குட் மார்னிங் சொன்னார். போலீஸ்காரன் இடுப்புல இருந்த துப்பாக்கி மேல கைய வச்சுக்கிட்டே லைசென்ஸ், ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் எல்லாம் கேட்டான். எல்லாத்தையும் குடுத்தார். டிக்கியில என்னன்னு கேட்டான். இவர் அரிச்சந்திரன், பிஸ்டல்னு சொல்லிட்டார். அவன் கறுப்பு டூல் பாக்ஸோட அப்படியே தூக்கிட்டான்."

"ஏன் டூல் பொக்ஸில வச்சவர்?"

"துப்பாக்கிப் பெட்டின்னு பாத்தா தெரியக் கூடாதாம். திருடன் கண்ணு படுமாம். அவ்வளவு விவரமான ஆளு, போலீஸ் யூனிஃபார்மைப் பாத்ததும் நீட்டிட்டார் பாருங்க."

இந்தக் கதை ஆற்றில் கிடந்த கல் மாதிரி வழவழவென்று இருந்தது. எங்கேயும் கை பிடிக்கவில்லை. அதுதான் தியாகலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை.

கிரேட் சவுத் ரோட்டில் திரும்பியதும் பின்னால் சிவப்பும் நீலமுமாக லைட் அடித்தது.

"நினைச்சதுமே வந்துட்டானே!" என்றாள் சுந்தரி. "அண்ணே, இது நல்ல போலீஸா கள்ளப் போலீஸா?"

"முதல்ல நிப்பாட்டும்!"

கார் நின்றதும் தியாகலிங்கம் செய்த காரியத்தை அவருடைய மூளை செய்யவில்லை, கால் செய்தது. கதவைத் திறந்தார். இறங்கினார். தள்ளி நின்று இரண்டு கையையும் அகல விரித்தார். யாழ்ப்பாணத்து ராணுவச் சாவடியில், சென்ட்ரிக்கு முன்னால் பஸ்ஸைவிட்டு இறங்கி வரிசையில் நின்ற காலத்துக் கால் அது. எத்தனை வருஷம் ஆனாலும் மறக்காது.

பின்னால் இருந்த காரின் ஒலிபெருக்கி உறுமியது. காருக்குள் போய் உட்காரச் சொன்னது. தியாகலிங்கம் திகைத்தார். மறுபடியும் உறுமியது. போய் உட்கார்ந்தார்.

வந்தவன் வாட்டசாட்டமான பசிபிக் தீவுக்காரன். சுந்தரியின் ஜன்னலுக்குக் குனிந்து, லைசென்ஸ் மட்டும் கேட்டான். ஒரு சின்ன மிஷினை அவள் வாய்க்கு முன் நீட்டிப் பெயரையும் விலாசத்தையும் சொல்லச் சொன்னான். மது இல்லை என்று மிஷின் சொன்னது. பிறகு கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தட்டிக் காட்டினான். வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, போன மாதமே காலாவதி.

"எடுக்கத்தான் போயிட்டிருக்கேன் ஆபீஸர்," என்று சுந்தரி இங்கிலீஷில் கூசாமல் புளுகினாள். அவன் சிரித்தான். இந்த வாரமே எடுத்துவிடு, அடுத்த தடவை சிரிக்கமாட்டேன் என்றான். தியாகலிங்கத்தைப் பார்த்து, "அங்கிள், மறித்தால் இறங்காதீர்கள். இறங்கினால்தான் எங்களுக்குப் பயம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தியாகலிங்கம் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயர்லெஸ் இருந்தது. விலங்கு இருந்தது. கண்ணில் அடிக்கிற ஸ்பிரே இருந்தது.

"சுந்தரி."

"சொல்லுங்க."

"இவன் உம்மட்ட ஆர்.சி. புக் கேட்டவனோ?"

"எதுக்குக் கேக்கணும்? நம்பரைத் தட்டினா எல்லாம் அவனுக்கே தெரியும். பாக்கி கண்ணாடியில ஒட்டியிருக்கு. இங்க ஆர்.சி. புக்கை எவன் கார்ல வச்சிருக்கான்..." அவள் வாய் அப்படியே நின்றது. நிற்பது அபூர்வம்.

"இன்சூரன்ஸ்?"

"கேக்கல."

"இடுப்பில துவக்கு இருந்ததோ?"

"இல்ல. அது வண்டிக்குள்ள பூட்டிக் கிடக்கும். மேலேருந்து ஆர்டர் வந்தாத்தான் மாட்டிப்பாங்க."

"இறங்கிப் போய் குட் மோர்னிங் சொல்ல விட்டவனோ?"

"உங்களையே மைக்ல கத்தி உள்ள தள்ளினானே!" சுந்தரி ஸ்டீயரிங்கில் ஓங்கி அடித்தாள். "அண்ணே, நானும் கோட்டை விட்டேனே! எனக்கு அது சாதாரணமா பட்டுச்சு. ஊர்ல அப்படித்தானே? வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, சார் கிட்ட போய், பேப்பரை நீட்டி..."

"அதுதான். பாஸ்கரன் சொன்னது ஓக்லாந்து பொலிஸ் இல்லை. சென்னையில ஏதோ சிக்னலடியில நிண்ட பொலிஸ்."

"ஒருவேளை அந்தக் கள்ளப் போலீஸ் நம்ம ஊர்க்காரனா இருந்தா?"

"இஞ்சத்த பொலிஸ் மாதிரி வேஷம் போடுறவன் இஞ்சத்த பொலிசைப் பாத்துத்தான் போடுவான். லைட் வாங்கிப் பூட்டினவனுக்கு இடுப்பைப் பாக்கத் தெரியாதோ? வீட்டுக்குள்ள இருந்து கதை கட்டுறவனுக்குத்தான் தன்ர ஊர் ஞாபகம் வரும். பாஸ்கரனை இந்த நாட்டில ஒருநாளும் ஒரு பொலிசும் மறிக்கேல்லை. ஞாயிறும் மறிக்கேல்லை." அவர் முகத்தைத் துடைத்தார். "ரெண்டு நாள். ரெண்டு நாளா டயர்க் கடைக்காரனிட்டயெல்லாம் பேச்சு வாங்கினது இந்த மடையனுக்காக. திருப்பும் காரை. பாட்டனிக்கு விடும்."

*

பாஸ்கரன் வீட்டு வாசலில் அவனுடைய வெள்ளைக் கார் நின்றது. தியாகலிங்கம் மணியை அடிக்கவில்லை. காரைச் சுற்றி வந்தார். நம்பர் பிளேட்டில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. முன் டயருக்குப் பக்கத்தில் முழங்காலை ஊன்றி, மட்கார்டுக்குள் விரலை விட்டுத் துழாவி எதையோ பிய்த்து எடுத்தார். நசுங்கிக் காய்ந்த எலுமிச்சைத் தோல்.

கதவைத் திறந்த சிந்து யூனிஃபார்மில் இருந்தாள். "யாராவது பாத்தாங்களா சார்?" என்றாள் ஆவலாக. அவளுக்குப் பின்னால் பாஸ்கரன் நின்றான். ஷேவ் பண்ணாத முகம். ஆள் பாதியாகியிருந்தான்.

தியாகலிங்கம் எலுமிச்சைத் தோலை அவனிடம் நீட்டினார். "தம்பி, பொலிஸ் மறிச்ச கதை சரி. அந்தப் பொலிஸ் உம்மட டயருக்குக் கீழ எலுமிச்சம்பழமும் வச்சவனோ?"

பாஸ்கரனின் பார்வை தோலிலிருந்து காருக்குப் போனது.

"ஆயுத பூஜை!" சுந்தரிக்குப் பொறி தட்டியது. "ஞாயித்துக்கிழமை ஒனேஹங்கா ஹால்ல நடந்துச்சே! இங்க சாமிக்கும் வீக்கெண்ட்லதான லீவு. நான் சுண்டலை மட்டும் வாங்கிட்டு ஓடிட்டேன். நீங்க வண்டிக்கு பூஜை போட்டிருக்கீங்க. அப்படின்னா பிஸ்டல் டிக்கியில..." அவள் நிறுத்தினாள். "டிக்கியிலதான இருந்துச்சு?"

பாஸ்கரன் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஐயர் சொன்னார் மேடம். ஆயுதம் எல்லாத்தையும் ஜமக்காளத்துல வைங்கன்னார். எல்லாரும் டிரில், லேப்டாப், கத்திரிக்கோல்னு வச்சாங்க. எங்கிட்டதான் நிஜமாவே ஆயுதம் இருந்துச்சு. ஒரு வருஷமா மேட்ச்ல ஒண்ணுகூட ஜெயிக்கல. ஒரு தீபாராதனை காட்டிட்டா... பெட்டியைத் திறக்கவேயில்ல மேடம். பூட்டோடதான் வச்சேன். சந்தனம் பொட்டு வச்சு, பூ போட்டு, எல்லாம் முடிஞ்சு அஞ்சே நிமிஷம் சாப்பிடப் போனேன்."

"வந்து எடுத்தது வேற பெட்டி," என்றார் தியாகலிங்கம்.

"அதே கறுப்பு. அதே சைஸ். அதே சந்தனம். கிளப்ல போய் சாவி போட்டா திரும்பல. உயிரே போயிடுச்சு. நேரா கிளப்புக்குப் போகணும்கிறது ரூல். போகல. கண்ணு முன்னாடி வச்சிருக்கணும். வைக்கல. சிட்டிசன்ஷிப்புக்கு வேற எழுதிப் போட்டிருக்கேன். என்ன பண்றதுன்னு தெரியாம..."

"பொலிசுக்கே பொலிஸ் கதை சொன்னீர். சரி, பிறகேன் எங்களைப் பிடிச்சீர்?"

"நான் பிடிக்கல சார். வேணாம் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். சிந்துதான்..."

சிந்து அதுவரை அசையாமல் நின்றாள். "டூட்டி முடிஞ்சு வரப்பல்லாம் பென்ரோஸ் வழியா சுத்திக்கிட்டு வந்தேன் பாஸ்கர். எவனாவது அந்த லைட்டைப் போட்டுக்கிட்டு நிக்கிறானான்னு." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பாஸ்கரனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கராஜில் பழைய மெத்தைக்குப் பின்னால் அந்தப் பெட்டி இருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக், சின்னப் பூட்டு, மூடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய். ஆட்டினால் உள்ளே இரும்பு கடகடத்தது.

"இதுக்குச் சொந்தக்காரன் வீட்டிலதான் இப்ப துவக்கு," என்றார் தியாகலிங்கம். "ஆரெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? பூஜைக்கு வந்தது பாதி ஓக்லாந்து."

"ஈஸி. கோயில் வாட்ஸ்ஆப் குரூப்ல கேட்டா..." என்று சுந்தரி போனை எடுத்தாள்.

"கேக்காதையும்! யோசிச்சுப் பாரும். அந்தக் குரூப்பில ஒரு சோடி செருப்புத் தொலைஞ்சாலும் போடுவினம். பூட்டின பெட்டி மாறிப் போன ஒருத்தன் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை. ஏன்?"

சுந்தரியின் கண் விரிந்தது. "பூட்டை உடைச்சுப் பாத்துட்டான்."

"பாத்துப்போட்டு, ஒண்டில் வித்துப்போட்டான், இல்லையெண்டால் பயந்துபோய் இருக்கிறான். வித்தவனெண்டால் எங்களுக்குப் பிடிபடான். பயந்தவனைத் தேடுவம்."

சுந்தரி குரூப்பில் விரலை மேலே மேலே தள்ளினாள். பூஜைப் படங்கள், நன்றி, கும்பிடு, மறுபடியும் படங்கள். திங்கட்கிழமைக் காலையில் நிறுத்தினாள். போனை அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

"போட்டது யாருன்னு பாருங்க. சஞ்சீவன். கீழ யாரோ 'என்ன தம்பி அழிச்சிட்டீங்க'ன்னு கேட்டிருக்காங்க. பதிலே இல்ல. எங்க வீட்டுல குளிருக்கு ஹீட் பம்ப் மாட்டின பையன்தான் அண்ணே. உங்க ஊரு. ரானுயில வீடு."

"பெட்டியைக் காணேல்லை எண்டு முதல் எழுதினவன். பிறகு பூட்டை வெட்டினவன். பிறகு ஓடிவந்து எழுதினதை அழிச்சவன்." தியாகலிங்கம் பாஸ்கரனைப் பார்த்தார். "நீர் இப்ப வக்கீலுக்குப் போன் அடியும். உள்ளதை உள்ளபடி சொல்லும். நான் கூப்பிடேக்க ரானுயிக்கு வரவேணும். இன்னொரு பொலிஸ் கதை கட்டினீரோ, நானே உம்மைக் கொண்டுபோய்க் குடுப்பன்."

*

ஊரின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்குப் போக, அந்த மத்தியானப் போக்குவரத்தில் உயிர் போய் வந்தது. வழியெல்லாம் சுந்தரி கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரைக் கையால் மறைத்துக்கொண்டே ஓட்டினாள்.

சஞ்சீவனின் வீடு சின்ன மரவீடு. வாடகை வீடு என்று பூசாத சுவரே சொன்னது. முன்னால் வேலை வான் நின்றது. அதன் டயரைச் சுற்றிப் புல் நிமிர்ந்து நின்றது, வண்டி நாள்கணக்கில் அசையவில்லை. கதவைத் திறந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். உள்ளே ஒரு குழந்தை சிணுங்கியது.

"வணக்கம் தம்பி. இது உம்மட பெட்டிதானே?" என்று தியாகலிங்கம் கையோடு கொண்டுவந்த கறுப்புப் பெட்டியை நீட்டினார்.

சஞ்சீவன் பெட்டியைப் பார்த்தான். கையை நீட்டவில்லை. தன்னுடைய சொந்தப் பெட்டியைக் கண்டு ஒருவன் பேயைக் கண்டதுபோல் பின்னால் நகர்வதை தியாகலிங்கம் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"இல்லை ஐயா. என்ர இல்லை."

"அப்ப வேலைச் சாமான் இல்லாமல் வேலைக்கு எப்பிடிப் போறீர்?"

"போகேல்லை. காய்ச்சல்."

"வானுக்கும் காய்ச்சலோ?"

இந்தப் பேச்சு நடக்கும்போதே சுந்தரி வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் போயிருந்தாள். அனுமதி கேட்டுப் போகும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அங்கிருந்து குரல் வந்தது.

"அண்ணே, இங்க வாங்க. ஒரு அதிசயம் பாருங்க."

ஷெட்டுக்குப் பின்னால், ஷெட்டுக்கும் வேலிக்கும் நடுவில், புதிதாகக் கிளறிய மண். அதில் நெருக்கி நெருக்கி மிளகாய்க் கன்று. அது ஷெட்டுக்குத் தெற்குப் பக்கம்; இந்த நாட்டில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும், தெற்கே வெயிலே படாது. கன்றுகள் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

"முன்னாடி அவ்வளவு வெயில் கிடக்கு," என்றாள் சுந்தரி. "தேடிப் பிடிச்சு இருட்டுல மிளகா நட்டிருக்கீங்க. யாழ்ப்பாணத்துல உங்களை எப்படி தம்பி வெளிய விட்டாங்க?"

சஞ்சீவன் சிரிக்கவில்லை. அந்த மண்ணைப் பார்த்தபடி நின்றான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"நான் எடுக்கேல்லை ஐயா. பிள்ளையாராணை நான் எடுக்கேல்லை. என்ர பெட்டி எண்டுதான் தூக்கிக் கொண்டு வந்தனான். சாவி சேரேல்லை. கட்டரால வெட்டினன். பாத்தால்..." அவன் மண்ணைக் காட்டினான். "மூடினன். உரப் பையில சுத்தினன். மண்ணுக்கை தாட்டுப்போட்டன்."

"பொலிசுக்குச் சொல்லியிருக்கலாமே."

"எனக்கு அகதி கேஸ் ஓடுது ஐயா. இன்னும் முடிவு வரேல்லை. ஒரு தமிழன், ஒரு துவக்கு. ரெண்டும் ஒரே வீட்டில எண்டால் பிறகு நான் சொல்லுறதை ஆர் கேப்பினம்? திருப்பிக் கொண்டுபோய்க் கோயில்ல வைப்பம் எண்டு நினைச்சனான். வானில ஏத்தினபிறகு வழியில மறிச்சால்? அதுக்குப் பிறகு வானை எடுக்கவே கை வரேல்லை. பெட்டி இல்லாட்டியும் கை வரேல்லை. பொலிஸ் லைட் அடிச்சுக்கொண்டு பின்னால வாற மாதிரியே இருக்கு."

அன்று காலையிலிருந்து எரிந்த எரிச்சலைத் தியாகலிங்கம் யார்மேல் காட்டுவது? சாமி கும்பிட்டவன் மேலா? பயந்தவன் மேலா? இரண்டு பேரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஞாயிறே முடிந்திருக்கிற காரியம்.

"நாமளே தோண்டி எடுத்து ஸ்டேஷன்ல குடுத்துட்டா?" என்றாள் சுந்தரி.

"ஆர் கொண்டுபோறது? உமக்கும் எனக்கும் துவக்கு லைசென்ஸ் இல்லை. பாஸ்கரனுக்கு இருந்ததையும் நிப்பாட்டியாச்சு. உம்மட காருக்கு ஸ்டிக்கரும் இல்லை. போற வழியில காலமை மறிச்ச அவனே மறிச்சால் என்ன சொல்லுவீர்?"

"சிரிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கான்."

தியாகலிங்கம் சஞ்சீவனின் தோளைப் பிடித்தார். "தம்பி, கேளும். நான் பொலிசை நம்புற ஆளில்லை. எந்த நாட்டுப் பொலிசையும். ஆனா இது மண்ணுக்கை கிடந்தால் நீர் குற்றவாளி. நீரே கூப்பிட்டுக் குடுத்தால் பாஸ்கரன் மடையன். இதில எது நல்லது எண்டு நீர் சொல்லும்."

சஞ்சீவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். குழந்தை மறுபடியும் சிணுங்கியது. முதலில் அவனுடைய அகதி கேஸ் வக்கீலுக்குப் போன் அடித்தார்கள். அந்த அம்மா முழுக் கதையையும் கேட்டுவிட்டு, இப்போதே கூப்பிடு, நீயே கூப்பிடு, நான் வரும்வரை வாக்குமூலம் மட்டும் கொடுக்காதே என்றார். சஞ்சீவன் போலீஸ் நம்பரைத் தட்டினான். இரண்டு தடவை தப்பாகத் தட்டினான். சுந்தரி போனைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அவள் ஜோக் ஒன்றும் சொல்லவில்லை.

*

போலீஸ் கார் தெருமுனையில் திரும்பியபோது சஞ்சீவன் வாசலுக்குப் போய் நின்று இரண்டு கையையும் அகல விரித்தான். தியாகலிங்கம் அவனைத் தடுக்கத்தான் போனார். போய்ச் சேர்ந்தபோது அவருடைய கையும் விரிந்திருந்தது.

இறங்கிய போலீஸ்காரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கையை இறக்குங்கள். நீங்கள்தானே எங்களைக் கூப்பிட்டது?" என்றாள்.

இரண்டு போலீஸ்காரர்கள் மிளகாய்க் கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுத் தோண்டினார்கள். உரப் பை வந்தது. அதற்குள் பெட்டி. பெட்டிக்குள் பிஸ்டல், வைத்தது வைத்தபடி. நம்பரைச் சரிபார்த்தார்கள். பாஸ்கரனுடையதுதான். குண்டு ஒன்றுகூடப் பெட்டியில் இல்லை. அதையாவது தனியாக வைக்கிற புத்தி அவனுக்கு இருந்தது.

அந்த நேரம் பார்த்து, தியாகலிங்கம் கூப்பிட்டிருந்தபடி, வெள்ளைக் கார் வந்து நின்றது. பாஸ்கரன் போலீஸைக் கண்டதும் அவசரமாக இறங்கினான். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். நேரே போலீஸ்காரியிடம் போய் அதை நீட்டினான். லைசென்ஸ், வண்டிப் பதிவு, இன்சூரன்ஸ், எல்லாம் பிரிண்ட் எடுத்து வரிசையாக.

"இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டாள் அவள்.

சுந்தரி வாயைப் பொத்திக்கொண்டு காருக்குப் பின்னால் ஓடினாள்.

"ஃபைலை வையும்," என்றார் தியாகலிங்கம். "கேக்கிறதுக்கு முதல் வாயைத் திறவும். உண்மையைச் சொல்லும்."

பாஸ்கரன் சொன்னான். பூஜை, ஜமக்காளம், சுண்டல், மெத்தைக்குப் பின்னால் ஒளித்த பெட்டி, இல்லாத போலீஸ்காரன், எல்லாம். சொல்லி முடித்தபோது அழுதான். பிஸ்டல் அனுமதி இனி கனவிலும் இல்லை, பொய் வாக்குமூலத்துக்குக் கோர்ட்டும் வரலாம் என்று அவள் சொன்னாள். ஆனால் எந்தக் கும்பலுக்கு விற்றாய் என்று மட்டும் பிறகு கேட்கவில்லை. கேஸ் ஃபைலில், பென்ரோஸில் மறித்தவனின் உயரம், முடி, நிறம் எல்லாம் எழுதியிருந்த பக்கத்தை அவனுக்கு முன்னாலேயே ஒரே கோட்டில் அடித்தாள்.

பிறகு சஞ்சீவனிடம் வந்தாள். நாளைக்கு வக்கீலோடு வந்து வாக்குமூலம் கொடு என்றாள். கூப்பிட்டது சரியான காரியம் என்றாள். தியாகலிங்கம் அவளுடைய முகத்தை நம்பவில்லை. எழுதுகிற பேனாவைப் பார்த்தார். பிஸ்டலைக் கண்டுபிடித்து ஒப்படைத்தவர் என்ற இடத்தில்தான் சஞ்சீவனின் பெயரை எழுதினாள்.

போகும்போது கறுப்புப் பெட்டியைக் காட்டி, "இது உன்னுடையதா? திற பார்ப்போம்" என்றாள். சஞ்சீவனின் சாவிக்கு அது சமர்த்தாகத் திறந்தது. உள்ளே டிரில்லும் காஸ் அளக்கும் மீட்டரும் காய்ந்த பூவும். மூடிவிட்டு அவனிடமே கொடுத்தாள்.

போலீஸ் கார் போய் மறைந்தது. சஞ்சீவன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வானையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, நாளைக்கு ஹெண்டர்சனில ஒரு ஹீட் பம்ப் பூட்டக் கிடக்கு. வானை எடுக்கலாமோ?"

"எடும்," என்றார் தியாகலிங்கம். காரில் ஏறி, கதவைச் சாத்தப் போனவர் சாத்தாமல் தலையை வெளியே நீட்டினார்.

"மறிச்சால் மட்டும் இறங்காதையும்."